வெயிலை மருந்தாக்கிய டாக்டர்



பொங்கலுக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்யும்போது உங்கள் அம்மாவும் பாட்டியும் என்ன செய்வார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பாய், தலையணை, போர்வை, ஜமுக்காளம் எல்லாவற்றையும் மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ கொண்டுபோய் வெயிலில் போடுவார்கள். எங்கள் கீழப்பழுவூரில் அந்த நாட்களில் தெருவே பாயும் படுக்கையுமாகத்தான் கிடக்கும். புத்தகத்தைப் படித்துவிட்டு யாரும் இதைச் செய்வதில்லை. வெயில் பட்டால் வாடை போகும், பூச்சி போகும், நோய் அண்டாது என்பது வழிவழியாக வந்த அனுபவம்.

வெயிலில் அப்படி என்னதான் இருக்கிறது? அதைத் தேடிப் போன ஒரு டாக்டரின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அவர் பிறந்த ஊரில் வெயில் என்பதே அபூர்வம்! அவர் பெயர் நீல்ஸ் ரைபெர்க் ஃபின்சென். ஒளியைக் கொண்டு நோயைக் குணப்படுத்தியதற்காக 1903ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர். ஊரார் நோயைத் தீர்த்த அவர், வாழ்க்கையின் பாதி நாளைத் தானே ஒரு நோயாளியாகத்தான் கழித்தார்.

மழைத் தீவில் பிறந்த பிள்ளை

உலகப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஐஸ்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவில், கடலில் பொட்டுப் பொட்டாகச் சில தீவுகள் தெரியும். அவைதான் ஃபாரோ தீவுகள். மொத்தம் 18 தீவுகள். டென்மார்க் அரசுக்கு உட்பட்டவை. அவற்றின் தலைநகரான டோர்ஷாவ்ன் என்ற சிற்றூரில் 1860ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் தேதி ஃபின்சென் பிறந்தார்.

டிசம்பர் மாதத்தில் அங்கே ஒரு நாளுக்குப் பகல் எவ்வளவு நேரம் தெரியுமா? சுமார் 5 மணி நேரம்தான்! அந்தக் கொஞ்ச நேரத்திலும் மேகமும் மூடுபனியும் மழையும் சூரியனை மறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் தார்ச்சாலையைத் தாண்டக் குதித்துக் குதித்து ஓடும் நமக்கு இது நம்ப முடியாத செய்தி. அங்கே வெயில் எட்டிப் பார்த்தால் ஊருக்கே கொண்டாட்டம்.

அப்பா அரசாங்கத்தில் பெரிய அதிகாரி. ஐஸ்லாந்தைப் பூர்வீகமாகக் கொண்ட பழைய குடும்பம். நீல்ஸுக்கு நான்கு வயதானபோது அம்மா இறந்துபோனார். பிறகு அப்பா மறுமணம் செய்துகொண்டார். தம்பி தங்கைகள் பிறந்து வீடு நிறைந்தது.

14 வயதுக்குள் நீல்ஸ் டென்மார்க்கில் உள்ள ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். அங்கே அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. பையன் நல்ல மனம் படைத்தவன், ஆனால் திறமையும் சுறுசுறுப்பும் குறைவு என்று தலைமை ஆசிரியர் எழுதிவிட்டார். இதற்குமேல் அங்கே வைத்திருப்பதில் பயனில்லை என்று 1876இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில், அப்பா படித்த பழைய பள்ளியில் சேர்த்தார்கள். 1882இல் அங்கே இறுதித் தேர்வு எழுதி வெளியே வந்தபோது வயது 21. அவரோடு தேர்வு எழுதியவர்கள் 15 பேர். அதில் அவருக்குக் கிடைத்த இடம் 11!

நானும் பல வருடங்கள் பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையில் குறிப்பு எழுதியவன்தான். அந்தத் தலைமை ஆசிரியர் எழுதியதைப் படித்தபோது, நான் எழுதிய குறிப்புகள் சில நினைவுக்கு வந்து கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

பூனை காட்டிய வழி

1882இல் ஃபின்சென் மருத்துவம் படிக்கக் கோபன்ஹேகன் நகருக்கு வந்தார். அதே ஆண்டு ஜெர்மனியில் ராபர்ட் காக் என்ற விஞ்ஞானி காசநோயை உண்டாக்கும் பாக்டீரியாவைக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தார். இந்தச் செய்தியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையில் பின்னால் வரும்.

படிக்கத் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே ஃபின்செனுக்கு உடல்நலம் கெட்டது. சோர்வு, ரத்தசோகை. நாளாக ஆக இதயமும் கல்லீரலும் பாதிக்கப்பட்டு, வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. இது தீராத நோய் என்பது மருத்துவ மாணவரான அவருக்கே தெரியும்.

அவர் தங்கியிருந்த அறை வடக்குப் பார்த்தது. அந்த நாட்டில் வடக்கு ஜன்னலில் வெயில் விழவே விழாது. வெயில் கிடைத்தால் உடம்பு தேறுமோ என்று அவருக்குத் தோன்றியது. முடிந்தபோதெல்லாம் வெளியே போய் வெயிலில் உட்கார்ந்தார். உண்மையிலேயே தெம்பாக இருந்தது. ஆனால் அதற்குக் காரணம் என்ன? புத்தகங்களில் தேடினார். தெளிவான பதில் இல்லை.

ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பூனை வெயிலில் படுத்திருந்தது. நிழல் மெல்ல நகர்ந்து அதன்மேல் விழுந்தது. பூனை எழுந்து, வெயில் இருந்த இடத்துக்கு நகர்ந்து படுத்தது. மறுபடி நிழல் வந்தது. மறுபடி பூனை நகர்ந்தது. நாமெல்லாம் பூனையை ரசித்துவிட்டுப் போயிருப்போம். ஃபின்செனோ அதைக் குறித்து வைத்துக்கொண்டு, மற்ற உயிர்கள் ஒளியில் எப்படி நடந்துகொள்கின்றன என்று கவனிக்கத் தொடங்கினார்.

ஒரு பெட்டியில் மண்புழுக்களை விட்டார். மூடியில் பாதி சிவப்புக் கண்ணாடி, பாதி நீலக் கண்ணாடி. கொஞ்ச நேரத்தில் புழுக்களெல்லாம் நீலத்தை விட்டு ஊர்ந்து சிவப்புக்குக் கீழே போய்ச் சேர்ந்துகொண்டன. பெட்டியைத் திருப்பி வைத்தால் அவையும் திரும்பி ஊர்ந்தன. நீல ஒளி அவற்றை ஏதோ செய்கிறது, சிவப்பு ஒன்றும் செய்வதில்லை என்று புரிந்தது.

அடுத்த சோதனை தன் கையிலேயே! முன்கையில் கறுப்பு மையால் ஒரு பட்டைக் கோடு போட்டுக்கொண்டு, மூன்று மணி நேரம் கடும் வெயிலில் காட்டினார். மையைக் கழுவியபோது கோடு இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. சுற்றிலும் தோல் சிவந்து எரிந்தது. சில நாளில் சிவப்பு அடங்கி, அந்த இடம் பழுப்பு நிறமானது. இப்போது மை போடாமல் மறுபடி வெயிலில் காட்டினார். இந்த முறை வெந்தது எது தெரியுமா? முன்பு தப்பித்த அந்த வெள்ளைக் கோடுதான். பழுப்பான தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தோலின் பழுப்பு நிறம் ஒரு குடை மாதிரி. உள்ளே இருக்கும் சதையை அது வெயிலிடமிருந்து காக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் கறுப்பாக இருப்பதைக் குறையாகச் சொல்பவர்கள் இந்தச் சோதனையை ஒருமுறை படிக்க வேண்டும்!

1890இல் ஃபின்சென் டாக்டர் பட்டம் பெற்றார். பல்கலைக்கழகத்தில் உடற்கூறு கற்பிக்கும் பிரிவில் வேலை கிடைத்தது. பிணத்தை அறுத்து மாணவர்களுக்குப் பாடத்துக்குத் தயார் செய்யும் வேலை. கைத்திறன் உள்ளவர் என்று பெயர் எடுத்தார். 1892இல் இங்கேபோர்க் பால்ஸ்லெவ் என்ற பெண்ணை மணந்தார். ஆனால் மனமெல்லாம் ஒளியிலேயே இருந்தது. 1893இல் வேலையை விட்டுவிட்டார். மருத்துவ மாணவர்களுக்கு டியூஷன் எடுத்துக் கிடைத்த பணத்தில் குடும்பம் நடந்தது. உடம்போ நாளுக்கு நாள் மோசம். அப்படிப்பட்டவர் நிலையான சம்பளத்தை உதறுவது என்றால் எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அந்த ஆண்டு அவர் சொன்ன முதல் யோசனை பெரியம்மை நோயாளிகளைப் பற்றியது. அவர்களைச் சிவப்புத் திரை போட்ட அறையில் வைத்தால், தோலைப் புண்ணாக்கும் நீல, ஊதாக் கதிர்கள் படாமல் தழும்பு குறையும் என்றார். பலர் பின்பற்றினார்கள். ஆனால் பிற்காலத்தில் இந்த முறையால் பலன் உண்டு என்று உறுதியாகவில்லை. பெரியம்மையை உலகத்தை விட்டே விரட்டியது தடுப்பூசிதான். மேதைகள் சொன்னதெல்லாம் சரியாகவே இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது, பிள்ளைகளே!

கண்ணுக்குத் தெரியாத ஊதா

இங்கே கொஞ்சம் அறிவியல் பாடம்.

வானவில்லின் ஓரத்தில் ஊதா நிறம் இருக்கிறது அல்லவா? அதற்கும் அப்பால், நம் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் இருக்கின்றன. 1801இல் ஜெர்மனியைச் சேர்ந்த யோஹான் ரிட்டர் இதைக் கண்டுபிடித்தார். வெயில் பட்டால் கறுத்துப்போகும் வெள்ளி உப்பை அவர் வானவில் நிறங்களின் மேல் வைத்துப் பார்த்தார். ஊதாவுக்கு வெளியே, ஒன்றுமே தெரியாத இருட்டு இடத்தில்தான் அது மிகவும் வேகமாகக் கறுத்தது! ஊதாவுக்குப் புறத்தே இருப்பதால் இவற்றுக்குப் புற ஊதாக் கதிர்கள் என்று பெயர்.

1877இல் இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளன்ட் என்ற இருவர், கிருமிகள் வளரக்கூடிய கரைசலைச் சோதனைக் குழாய்களில் ஊற்றி வைத்தார்கள். சில குழாய்கள் வெயிலில், சில மூடிய இருட்டில். இருட்டில் இருந்தவை கிருமி பெருகிக் கலங்கிப்போயின. வெயிலில் இருந்தவை தெளிவாகவே இருந்தன.

பின்னர் மார்ஷல் வார்டு என்ற தாவரவியல் அறிஞர், வெயிலின் நிறங்களில் நீலமும் ஊதாவும்தான் கிருமிகளைக் கொல்கின்றன என்று 1890களில் காட்டினார். இவர் யார் தெரியுமா? இலங்கை மலைத் தோட்டங்களில் காப்பிச் செடிகளை அழித்த நோயை ஆராய 1880இல் அங்கே போனவர். நம் தமிழ்நாட்டிலிருந்து போன கூலித் தொழிலாளர்கள் பாடுபட்ட அதே தோட்டங்கள்தான் அவை.

ஆக, ஒளிக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி உண்டு என்பது ஃபின்சென் காலத்தில் தெரிந்த செய்திதான். ஆனால் அது குழாயிலும் தட்டிலும் நடந்த சோதனை. மனித உடம்புக்குள் இருக்கும் கிருமியை ஒளியால் கொல்ல முடியுமா? ஃபின்சென் கேட்டது இந்தக் கேள்வியைத்தான்.

மனைவியின் காதும் ஸ்படிகக் கல்லும்

அந்தக் காலத்து ஐரோப்பாவில் லூபஸ் வல்காரிஸ் என்ற கொடிய நோய் இருந்தது. ராபர்ட் காக் கண்டுபிடித்த அதே காசநோய்க் கிருமி, நுரையீரலுக்குப் பதிலாகத் தோலைத் தாக்குவதால் வருவது. பெரும்பாலும் முகத்தில் வரும். மூக்கையும் கன்னத்தையும் உதட்டையும் மெல்ல மெல்ல அரித்துவிடும். லூபஸ் என்றால் லத்தீன் மொழியில் ஓநாய். ஓநாய் கடித்துக் குதறியது போல முகம் ஆகிவிடுவதால் இந்தப் பெயர். நோய் வந்தவர்களுக்கு வேலை கிடைக்காது. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, வீட்டு மூலையில் வாழ்நாளைக் கழிப்பார்கள். அறுத்தும் சுட்டும் பார்த்த மருத்துவர்கள் கைவிட்ட நோய் அது.

கிருமி தோலில்தானே இருக்கிறது, ஒளி எட்டும் இடம்தானே என்று ஃபின்சென் யோசித்தார். வெயிலை லென்ஸ் வைத்துக் குவித்தால் சக்தி கூடும். ஆனால் நீங்கள் பூதக்கண்ணாடியால் காகிதத்தைப் பொசுக்கியிருப்பீர்களே, அதுபோலத் தோல் வெந்துவிடும். சுடுவது சிவப்புப் பக்கத்துக் கதிர்கள். கிருமியைக் கொல்வதோ நீலமும் ஊதாவும். எனவே லென்ஸை உள்ளே வெற்றிடமாகச் செய்து, அதற்குள் மயில்துத்தத்தில் தயாரித்த நீல நிறக் கரைசலை ஊற்றினார். வெப்பம் அதிலேயே தங்கிவிட்டது. நீல ஒளி மட்டும் வெளியே வந்தது.

அடுத்த சிக்கல் ரத்தம். ஒளி தோலுக்குள் ஆழமாகப் போகாமல் ரத்தம் தடுக்கும் என்று அவர் சந்தேகப்பட்டார். இதைச் சோதிக்க அவர் மனைவி இங்கேபோர்க் உதவினார். மனைவியின் காது மடலுக்குப் பின்னால் ஒரு துண்டு புகைப்படக் காகிதத்தை வைத்து, முன்பக்கம் குவித்த ஒளியைப் பாய்ச்சினார். ஐந்து நிமிடம் ஆகியும் காகிதம் கறுக்கவில்லை. பிறகு காது மடலை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வைத்து, ரத்தம் விலகி வெளுத்துப் போகும் வரை அழுத்தினார். இப்போது 20 விநாடியில் காகிதம் கறுத்துவிட்டது!

இதிலிருந்து சிகிச்சைக்கு ஒரு வழி பிறந்தது. நோய் உள்ள இடத்தை ஒரு தட்டையான லென்ஸால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஒளியைப் பாய்ச்ச வேண்டும். அந்த லென்ஸும் சாதாரணக் கண்ணாடியாக இருந்தால் புற ஊதாவைத் தடுத்துவிடும். எனவே ஸ்படிகக் கல்லில் லென்ஸ் செய்தார்கள். ஆமாம், பெரியவர்கள் கழுத்தில் போட்டுக்கொள்ளும் ஸ்படிக மாலையில் இருக்கிறதே, அதே கல்தான். அழுத்தும் லென்ஸுக்குள் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கும்படி அமைத்ததால் தோலும் சுடாது.

கடைசிச் சிக்கல் இருக்கிறதே, அதுதான் பெரியது. டென்மார்க்கில் வெயிலுக்கு எங்கே போவது? கோடையில் கொஞ்ச நாள் கிடைக்கும். மற்ற மாதங்களில் நோயாளி என்ன செய்வார்?

ஃபின்சென் கார்பன் வில்விளக்கைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு கார்பன் குச்சிகளை எதிரெதிரே வைத்து மின்சாரம் பாய்ச்சினால், நடுவில் கண்ணைப் பறிக்கும் ஒளி எரியும். எங்கள் சிறுவயதில் டூரிங் டாக்கீஸில் படம் காட்டும் மெஷினுக்குள் இந்தக் குச்சிதான் எரியும். குச்சி தேய்ந்துவிட்டால் திரை மங்கும், நாங்கள் விசில் அடிப்போம்! வெயிலைப் போலவே இந்த ஒளியிலும் நீலமும் ஊதாவும் புற ஊதாவும் நிறைய உண்டு.

கோபன்ஹேகன் மின்விளக்கு நிலையத்தில் சோதனைக்கு இடம் கிடைத்தது. 1895 நவம்பர் மாதம் முதல் நோயாளி வந்து உட்கார்ந்தார். அவர் நீல்ஸ் மொகென்சன் என்ற பொறியாளர். பல ஆண்டுகளாக முகத்தில் லூபஸ். எத்தனையோ சிகிச்சை செய்தும் பலன் இல்லாதவர். தினமும் மணிக்கணக்கில், ஒரு நேரத்துக்கு ஒரு நாணய அளவு இடம் என்று ஒளியைப் பாய்ச்சினார்கள். நாட்கள் போகப் போகப் புண்ணின் ஓரங்கள் அடங்கின. சில மாதங்களில் முகம் ஆறிவிட்டது.

வெள்ளை உடை, கறுப்புக் கண்ணாடி

செய்தி பரவியது. 1896இல் கோபன்ஹேகனில் ஃபின்சென் ஒளி மருத்துவ நிலையம் தொடங்கப்பட்டது. நகரத்தாரும் அரசும் செல்வந்தர்களும் பண உதவி செய்தார்கள். அங்கே எடுத்த பழைய படங்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். நடுவில் கூரையிலிருந்து தொங்கும் பெரிய வில்விளக்கு. அதிலிருந்து தொலைநோக்கி போல நான்கு குழாய்கள் நான்கு பக்கமும் இறங்கும். ஒவ்வொரு குழாயின் கீழும் கட்டிலில் ஒரு நோயாளி. பக்கத்தில் வெள்ளை உடையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த நர்ஸ், லென்ஸை அழுத்திப் பிடித்தபடி அசையாமல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக உட்கார்ந்திருப்பார்!

கன்னம் முழுவதும் ஆற வேண்டுமானால் இப்படி எத்தனை நாள் வர வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். சிலருக்கு மாதக்கணக்கில் ஆனது. ஆனாலும் வந்தார்கள். 1901ஆம் ஆண்டுக்குள் 800 பேருக்கு மேல் லூபஸுக்குச் சிகிச்சை பெற்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் குணமானார்கள். முகத்தை மூடியிருந்த துணியை எடுத்துவிட்டு வீதியில் நடந்தார்கள், வேலைக்குப் போனார்கள்.

பல நாட்டு மருத்துவர்கள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். டென்மார்க்கில் பிறந்து இங்கிலாந்து அரச குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட அலெக்சாண்ட்ரா, 1900இல் லண்டன் மருத்துவமனைக்கு ஒரு ஃபின்சென் விளக்கைப் பரிசளித்தார்.

இத்தனை பேர் குணமாகிப் போய்க்கொண்டிருக்க, டாக்டரின் வயிறோ நீரால் வீங்கிக்கொண்டே போனது. பலமுறை ஊசி போட்டு நீரை வெளியேற்றினார்கள். கடைசி ஆண்டுகளில் சக்கர நாற்காலிதான் கதி. அப்போதும் அவர் சும்மா இருக்கவில்லை. தன் உடம்பையே ஆராய்ச்சிக்கூடம் ஆக்கினார்! தினமும் எவ்வளவு சாப்பிட்டோம், எவ்வளவு குடித்தோம், எவ்வளவு வெளியேறியது என்று அளந்து எழுதினார். உடம்பில் உப்பு தங்குவதால்தான் நீர் கோக்கிறது என்று கண்டு, உப்பைக் குறைத்துச் சாப்பிட்டார். இதைப் பற்றி 1904இல் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். இன்றும் இதய நோயாளிகளுக்கு டாக்டர்கள் உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

1903இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. டென்மார்க்குக்குக் கிடைத்த முதல் நோபல் பரிசு அது. அதற்கு முந்தைய ஆண்டு அதே பரிசைப் பெற்றவர் ரொனால்ட் ராஸ். மலேரியாவைக் கொசு பரப்புவதை நம் செகந்திராபாத்தில் ஆராய்ந்து கண்டுபிடித்தவர். நோபல் பரிசு பெறுபவர்கள் உரை நிகழ்த்துவது வழக்கம். ஃபின்செனால் அது முடியவில்லை.

பரிசுப் பணத்தை என்ன செய்தார்? 50,000 குரோனரை ஒளி மருத்துவ நிலையத்துக்குக் கொடுத்தார். இதய, கல்லீரல் நோயாளிகளுக்காகத் தாம் தொடங்கியிருந்த மருத்துவமனைக்கு 60,000 குரோனர் கொடுத்தார். அவரைப் பார்த்து நண்பர்கள் இருவரும் அதே அளவு நன்கொடை கொடுத்தார்கள்.

1904 செப்டம்பர் 24ஆம் தேதி ஃபின்சென் காலமானார். வயது 43.

சென்னைக் காலராவும் நீல விளக்கும்

1940களில் காசநோய்க்கு மருந்துகள் வந்துவிட்டன. வெயிலும் காற்றும் வேண்டும் என்று ஊருக்கு வெளியே தாம்பரத்தில் 1928இல் கட்டிய சானடோரியம் போன்ற இடங்களில், நோயாளிகள் மாதக்கணக்கில் படுத்திருந்த காலமும் மாறியது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்தாலும் குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியது 1950களில் சென்னையில் நடந்த ஆராய்ச்சிதான். லூபஸுக்கும் மருந்து கிடைத்தது. ஃபின்சென் விளக்குகள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன.

ஆனால் கிருமியைக் கொல்லும் ஒளி வேறு வேலைக்கு வந்தது. 1910இல் பிரான்சின் மார்செய் நகரில் குடிநீரைப் புற ஊதா விளக்கால் சுத்தம் செய்து பார்த்தார்கள். பாதரச ஆவி விளக்கு அதற்கு உதவியது. நம் வீட்டு டியூப்லைட்டுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். டியூப்லைட்டுக்குள்ளும் பாதரச ஆவி புற ஊதாவைத்தான் வெளியிடுகிறது. குழாயின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடி அதை வெளிச்சமாக மாற்றுகிறது. கிருமிநாசினி விளக்கில் அந்தப் பொடி இருக்காது. புற ஊதாவைக் கடத்தும் குழாயாகவும் இருக்கும். அந்தக் கதிர் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை ஒட்டிவிடுகிறது. பக்கங்கள் ஒட்டிப்போன புத்தகத்தைப் படிக்க முடியுமா? அதுபோல் அந்தக் கிருமியால் பெருக முடியாது. பெருகாத கிருமியால் நோய் வராது.

1992ஆம் ஆண்டு இறுதியில் சென்னையிலும் தமிழ்நாட்டின் வேறு சில இடங்களிலும் புதுவகைக் காலரா தலைகாட்டியது. அடுத்த சில மாதங்களில் கொல்கத்தா, வங்கதேசம் என்று பரவி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் இருந்த, மும்பையில் பிறந்த அசோக் காட்கில் இந்தச் செய்தியால் மிகவும் வருந்தினார். கிராமத்து மக்களும் வாங்கக்கூடிய விலையில் ஒரு கருவியை வடிவமைத்தார். தண்ணீர் தானாகவே வழிந்து ஓடும், மேலே விளக்கு எரியும். நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர் சுத்தமாகும்.

இப்போது உங்கள் வீட்டு, பள்ளிக்கூடத்துத் தண்ணீர் சுத்திகரிப்பானில் யூ.வி. என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே ஒரு சின்னக் குழாய் விளக்கு உண்டு. அதன் நீல வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும். வேலை செய்யும் புற ஊதா தெரியாது. அதனால்தான் விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடக் கூடாது. சுமார் ஓராண்டில் அதன் சக்தி குறைந்துவிடும், மாற்ற வேண்டும். கலங்கல் தண்ணீரில் கிருமி அழுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், எனவே முதலில் வடிகட்ட வேண்டும். நம் அரியலூர் பூமி சுண்ணாம்புக்கல் பூமி. தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பையும் உப்பையும் இந்த விளக்கு ஒன்றும் செய்யாது. அதற்கு வேறு வழி.

ஒரு எச்சரிக்கை! மூடியைக் கழற்றி அந்த விளக்கை ஒருபோதும் பார்க்காதீர்கள். வெல்டிங் பட்டறையில் நெருப்புப்பொறியை உற்றுப் பார்த்த பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் கண்ணில் மணல் கொட்டியது போல உறுத்துமே, அது இந்தக் கதிரின் வேலைதான். கிருமிக்கு மட்டும் பகை, நமக்கு நட்பு என்று அதற்குத் தெரியாது.

ஃபின்சென் கதையில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. 2005இல் டென்மார்க் விஞ்ஞானிகள் அவருடைய பழைய விளக்கையும் லென்ஸ்களையும் எடுத்து அளந்து பார்த்தார்கள். கிருமியை நேரடியாகக் கொல்லும் வலிமையான புற ஊதா அந்தக் கருவி வழியாக நோயாளிக்குப் போகவே இல்லை! போனவை ஊதாவை ஒட்டிய, வலிமை குறைந்த கதிர்கள்தான். காசநோய்க் கிருமிக்குள் போர்ஃபிரின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. அந்த ஒளி அதன்மேல் பட்டு, கிருமியை உள்ளிருந்தே அழித்திருக்கிறது என்று இப்போது கருதுகிறார்கள். சிகிச்சை சரி, நோயாளிகள் குணமானதும் உண்மை. காரணம் மட்டும் அவர் நினைத்தது போல் இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தன் உடம்பையே அளந்து எழுதிய அந்த மனிதர் உயிரோடு இருந்திருந்தால், இந்தச் செய்தியை எவ்வளவு ஆவலோடு கேட்டிருப்பார்!

கோபன்ஹேகனில் அவர் நினைவாக 1909இல் ஒரு சிலை வைத்தார்கள். ஒளியை நோக்கி என்பது அதன் பெயர். மேலே சூரியனை நோக்கி மனிதர்கள் எழும் காட்சி. அவர் பிறந்த டோர்ஷாவ்னில் முக்கியமான கடைத்தெருவுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். வருடத்தில் பாதி நாளுக்கு மேல் அந்தத் தெருவில் மழைதான்.